ஒட்டிக்கொண்டு வந்த அட்டை

நவம்பர் கடைசியில் நட்சத்திரம் ஏற்றினோம்.
அன்றைக்கே புயல் என்றார்கள், இறக்கினோம்.
மூன்றாம் முறை ஏற்றும்போது ஒரு முனை கிழிந்திருந்தது.
பால் பாக்கெட்டை வெட்டி ஒட்டினாள் கெத்சியா.
அயனாவரத்தில் எங்கள் மாடியில் மட்டும்
ஒரு முனையில் நீலமாக
‘சமன்படுத்திய பால்’ என்று எரிகிறது.

அச்சு முறுக்கில் முதல் நாலு
எந்த வருஷமும் அச்சை விட்டு வராது.
ஐந்தாவது வந்தபோது கேஸ் தீர்ந்தது.

இருபத்து மூன்று என்று சொன்ன டெய்லர் பாய்
இருபத்து நாலு இரவு பத்து மணிக்கு
ஒற்றைக் கை வைத்த ரவிக்கையைத் தூக்கிக் காட்டினார்.
‘கோச்சுக்காதீங்க அக்கா,
ரம்ஜானுக்கு என் வீட்டுக்காரியே பழசுதான் போடுவா.’
நின்றுகொண்டே இன்னொரு கை வாங்கி வந்தேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் கேரல் ரவுண்ட்ஸ்,
எங்கள் முறை வரும்போது மணி இரண்டரை.
முப்பத்திரண்டு பேர், பதினோரு டம்ளர்.
தாத்தாவின் பஞ்சுத் தாடி தூறலில் நனைந்து
கழுத்து வரை இறங்கியிருந்தது.
நாலு மணிக்கு டூட்டி போகிற மேல்வீட்டு ரயில்வேக்காரர்
லுங்கியோடு படியில் நின்று கை தட்டினார்.
தூங்கவிடவில்லை என்று இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அதனால்தான் அவருக்கு இரண்டு துண்டு கேக்.
மாலை போட்டிருக்கிற எதிர்வீட்டுக்கு
முட்டை இல்லாமல் தனியாக ஒன்று.
பதினாலு தட்டு போனது.
திரும்பி வந்தவற்றில் சர்க்கரை, ஒரு கொய்யா,
ஒன்றில் யாரோ மறந்து வைத்த சாவி.

தேவஇரக்கத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது.
பாடகர் குழுவில் பேஸ் இரண்டே பேர்,
மற்றவர் நாசரேத்துக்குப் போய்விட்டார்.
போர்வைக்குள் ஆவி பிடித்தபடியே
தன் வரியை முனகிக்கொண்டிருந்தார், கேட்டிலை மூடின மாதிரி.

முப்பத்தொன்று இரவு கிதியோன் வரவில்லை.
டிப்ளமோ முடித்த பையன்.
‘இன்னைக்கு லாகின் போட்டா ஆர்டருக்கு இருபது ரூபா கூட’ என்றான்.
வருஷ முடிவு ஆராதனையை இருபது ரூபாய்க்கா,
என்று வாய் வரைக்கும் வந்தது.
பெட்ரோலுக்கு அவனே தருகிறான். விழுங்கிவிட்டேன்.

பதினொன்று ஐம்பதுக்கு எல்லாரும் முழங்காலில்.
பையில் போன் அதிர்ந்தது:
‘பீச் ரோடு மூடிட்டாங்க. சுத்திப் போறேன்.’
கெத்சியாவின் கெமிஸ்ட்ரியைச் சொன்னேன்,
வாடகை ஏற்றப்போகிற வீட்டுக்காரரைச் சொன்னேன்,
பெயர் பெயராக நாலு பேர் வியாதியைச் சொன்னேன்.
பிறகு ஆமென் வரைக்கும்
அவன் வண்டியின் முன் டயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
வழுக்கை விழுந்த டயர்.
வெளியே வெடிச்சத்தம். புது வருஷம்.

வாக்குத்தத்த அட்டைத் தட்டை நீட்டினார் ஐயர்.
கண்ணை மூடி எடுத்தேன்.
டிசம்பர் ஈரத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன.
ஒன்றைத் திருப்பி வைக்கணும்தான்.
பின்னால் வரிசை தள்ளியது.
முந்தானைக்குள் போட்டுக்கொண்டேன், இரண்டையும்.

இரண்டேகாலுக்கு வந்தான்.
யாரோ கேன்சல் பண்ணின பிரியாணி, ஆறிப்போனது.
நாலு பேரும் தரையில் உட்கார்ந்து
ஒரே டப்பாவில் கை விட்டோம்.
அவனுக்கென்று ஒன்றைப் பிரித்தபோது
முதல் வரி மற்றதன் முதுகோடு போய்விட்டது.
மிச்சம் இருந்தது கடைசி மூன்று வார்த்தையும்
அதிகார எண்ணும்.

‘வேதத்தில் பார்த்தா தெரியும்’ என்றார் கட்டைத்தொண்டையில் அப்பா.
எண்ணெய்க் கையைத் தட்டிவிட்டு
போன் உறைக்குள் அதைச் செருகினான் கிதியோன்.
‘இருக்கட்டும்ப்பா. டிசம்பர் வரைக்கும் டைம் இருக்குல்ல.’

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.
ஜனவரி ஒன்று,
ஓட்டேரியில் டயர் கடை
எத்தனை மணிக்குத் திறப்பான்?