கீழ்வீட்டுக் கணக்கு

சால்தோ நகரத்தில், ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி,
நான்காவது மாடியில் எல்பியோ லரோசா.
தனி ஆள்.
முப்பத்தொரு வருஷம் வெளியூர் பஸ் ஓட்டியவர்.
தலைநகர் வரை ஐந்நூறு கிலோமீட்டர்,
நடுவில் ஒரே நிறுத்தம்.
அதிலும் டயரைத் தட்டிப் பார்த்து,
பயணிகள் எல்லாரும் போய்வந்த பிறகுதான் அவர் போவார்.
அடக்குவது தொழில் தகுதி,
லைசென்ஸ் மாதிரி.

இப்போது பஸ் இல்லை, பிளாஸ்க் இருக்கிறது.
கக்கத்தில் அதை இடுக்கி, கையில் மாத்தேக் குடுவையோடு
காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால்
இரவுச் செய்தி முடியும்வரை
கசப்பு இலைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்.
உருகுவேக்காரனுக்கு அந்தப் பிளாஸ்க் மூன்றாவது கை.

பந்து உருட்டும் மைதானத்தில்
வால்டெமார், தார்தோ, ஒரு காது கேட்காத ஃபெருசோ.
ஆட்டத்தின் நடுவே ஒவ்வொருவராய்
யூக்கலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் போய்வருவார்கள்.
எவன் பந்து எத்தனை அங்குலம் தள்ளி நிற்கிறது என்று
நூல் பிடித்து அளந்து சண்டை போடுகிறவர்கள்
எவன் எத்தனை தடவை போனான் என்று எண்ணியதில்லை.
மரம்தான் ஒரு பக்கம் பட்டுப்போயிருக்கிறது.

"வயசானா அப்படித்தான்" என்பார் வால்டெமார்
ஜிப்பை இழுத்தபடி.
கட்டில் மணிக்கொருதரம் ஆடுகிறது என்று
போன வருஷமே மனைவி அவரை
ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதும்,
ராத்திரி ஒரு மாத்திரை போடுவதும்
மைதானத்தில் யாருக்கும் தெரியாது.

எல்பியோவின் கட்டில் யாருக்காக ஆடும்?

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் கேட்டாள்:
"இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?"
"எல்லாரையும் போலத்தான்."
"எண் வேண்டும்."
"ஒன்று. சரி, ஒன்றரை போட்டுக்கொள்."
ஒன்றுக்குப் போவது என்றுதானே பெயர்.
பெயரிலேயே எண்ணி முடித்துவிட்டதை
மறுபடி யார் எண்ணுவது?

மூன்றாவது மாடியில் நீவியா பெந்தன்கூர்.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு வேலை பார்த்த காது.
அவள் தலைமாட்டுச் சுவருக்குள் இறங்குகிறது குழாய்.
பன்னிரண்டு பத்து.
ஒன்று இருபத்தைந்து.
இரண்டு நாற்பது. மூன்றரை. ஐந்துக்குப் பத்து.
முதலில் செருப்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.
ஒன்றுமே இல்லை.
வெகுநேரம் கழித்து மெலிதாய் ஏதோ.
பிறகு தடதடவென்று தொட்டித் தண்ணீர்.
அழைப்பு நேரம், இணைப்புக் கிடைக்கத் தாமதம்:
பழைய பழக்கத்தில் அவள் குறித்தே வைத்துவிட்டாள்,
மின்கட்டணச் சீட்டின் பின்புறத்தில்.

லிஃப்டில் சொன்னாள்: "நேற்று ஐந்து."
"என்ன ஐந்து?"
அவள் விரல் மேலே காட்டியது.

ஒரு வாரம் அவர் படிக்கட்டில் ஏறி இறங்கினார்.
இரவில் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தினார்.
போவார், நிற்பார், கை தானாக நீளும்,
பிடித்து இழுத்துக்கொள்வார்.
கையைத் தடுத்த தடவைகளை
எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கீழே அவளுக்குத் தூக்கம் போயிற்று.
எட்டாம் நாள் விடிகாலை நான்கு மணிக்கு
ஸ்வெட்டரைப் பின்முன்னாக மாட்டிக்கொண்டு
மணியடித்தாள்.
"உயிரோடுதான் இருக்கிறீர்களா?"
பைஜாமாவில் நின்ற மனிதர்
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"ஐந்து இல்லை, அம்மணி. ஆறு."

சனிக்கிழமை மைதானத்தில்,
அளக்கும் நூல் இன்னும் கையில் இருக்க,
"எனக்கு ராத்திரி ஆறு" என்றார்.
கேட்கிற காதைத் திருப்பினான் ஃபெருசோ.
"ஆறா? அதோ, அந்தப் பக்கம் ஓடுகிறதே."
யாரும் சிரிக்கவில்லை.
தார்தோ பிளாஸ்கை மூடினார்.
வால்டெமார் மரத்தைப் பார்த்தார்,
காலடிப் பந்தைப் பார்த்தார்.

"மாத்திரைக்கு முன்னால்
எனக்கு ஏழு."