எந்த மாநிலம்

முதல் வருஷம் பெயர்கள்தான் சேர்த்தேன்.
முள்ளோடை சாவடியில் விடிய விடிய
டிக்கி திறந்து பாட்டில் தேடிவிட்டு
யூனிஃபார்ம்கூட மாற்றாமல்
பைனாகுலரோடு பாகூர் ஏரிக்கரை.

நோட்டில் ஒரு கட்டம் போட்டிருந்தேன்: எந்த மாநிலம்?
ஊசிவால் வாத்து பகலெல்லாம் ஏரியில் தூங்கும்,
இருட்டியதும் கடலூர் பக்க வயலுக்குப் போய் மேயும்
என் தலைக்கு மேலேயே,
நான் யாரையோ ஊதச் சொல்லிக்கொண்டிருக்கையில்.
மூன்றாம் வருஷத்திலிருந்து அந்தக் கட்டத்தில்
தண்ணீர் எத்தனை அடி என்று எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பறவைகள் வருகை என்று
பேப்பரில் வருஷம் தவறாமல் வருகிறது.
ஆகஸ்டில் இறங்கி ஏப்ரல் வரை
இந்தச் சேற்றையே குத்தித் தின்னும் பொரி உள்ளான்
வெளிநாடாம்.
இருபத்திரண்டு வருஷமாய்ப் பாரீஸில் இருக்கும்
அண்ணன் பெர்னார்
இந்த ஊராம். ரேஷன் கார்டில்
அவன் பேரை எடுக்க அம்மா விடுவதில்லை.

போன மே மாசம் வந்தான். கரைக்குக் கூட்டிப்போனேன்.
"வெறும் சேறுடா" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"அது என்ன, சிவப்புக் குச்சிக் கால்?"
பவளக்கால் உள்ளான்.
"இங்கேயேவா இருக்கும்?"
இங்கேயேதான்.
பைனாகுலரை அவன் திருப்பித் தரவில்லை.

பதினோரு வருஷம் வண்டி வண்டியாய்
எங்கேர்ந்து வர்றீங்க என்று கேட்டவன் நான்.
இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள்
ஆள்காட்டி கத்தத் தொடங்கிவிட்டது
எங்கள் இரண்டு பேரையும் பார்த்து,
வித்தியாசம் பார்க்காமல்.
கல்லோடு கல்லாய் எங்கோ முட்டை கிடக்கும்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
சுற்றிப் போனோம்.