ஏணிப் பக்கம்

டெர்ஷியஸ் அளந்தது
கூடாரம் மூடிக் கிடந்தபோது.
ஃபானுஸின் பட்டறையில்
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
இந்தப் பக்கம் இரண்டு கொக்கி, அந்தப் பக்கம் இரண்டு,
பலகைகள் வண்டியின் விலாவோடு ஒட்டி நிற்கும்,
கூரை முழுசும் கூடாரத்துக்கே என்றான்.
சரி என்றேன்.
மூவரில் ஒருவருக்கும் ஏணி ஞாபகம் வரவில்லை.

கேப் டவுனை விட்டதும் பட்டைவார் முனகத் தொடங்கியது.
தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சுருதி.
பிக்கெட்பெர்கில் இறங்கி
வாரை ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கினேன்.
அது நின்றுவிட்டது.
டெர்ஷியஸ் நிற்கவில்லை:
ஒன்பதடிப் பலகை எதற்கு,
எலண்ட்ஸ் பே அலைக்கு ஆறடி போதாதா,
பழைய ஹைலக்ஸ் என்ன கப்பலா.

வரிவரியாய்ப் பள்ளம் விழுந்த மண்சாலை முடிந்த இடத்தில்
இருட்டிவிட்டது.
அப்போதுதான் தெரிந்தது.
கூடாரம் விரியும் பக்கமே ஏணி இறங்கும் பக்கம்.
ஏணி இறங்கும் பக்கமே
என் பலகை நிற்கும் பக்கம்.
படுக்கப் போக வேண்டுமானால்
வாசலை அடைத்து நிற்கிறவளை முதலில் இறக்கு.

அவனுடைய குட்டைப் பலகைகள் இரண்டும்
வண்டிக்கு அடியில் அடங்கின.
என்னுடையது வால் வெளியே நீட்டிக் கிடந்தது,
கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பிள்ளையின் கால் மாதிரி.

மேலே,
மெத்தை இரண்டு விரல் கனம்.
நீ நீளமாய் வாங்கினாய் என்றான்.
நீ குட்டையாய் அளந்தாய் என்றேன்.
அதற்குப் பிறகு
பேச்சு இல்லை, முதுகுகள் மட்டும்.

இரும்புத் தாது ஏற்றிய ரயில்
சல்டான்யா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
முந்நூறு பெட்டிக்கு மேல் இருக்குமாம்.
நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
நூற்றுப் பதின்மூன்றில் காற்று எழுந்தது,
கூடாரத் துணி ஒரு தரம் உள்வாங்கி உப்பியது,
கீழே ஏதோ
தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும் சத்தம்.

வெறுங்காலோடு இறங்கினோம்.
மணல் அப்படிக் குளிர்ந்திருந்தது.
டார்ச் வெளிச்சத்தில் கெல்ப் பாசி, ஒற்றைச் செருப்பு,
யாரோ விட்டுப்போன அடுப்புக் கரி.
அறுபது எட்டுத் தள்ளி
முள்புதருக்குள் மூக்கு நட்டு
நின்றுகொண்டிருந்தது என் பலகை.
ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு
ஒரு விரிசல்.

திட்டுவான் என்று நினைத்தேன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
விரிசலை விரலால் தடவிப் பார்த்தான்.
பிறகு பலகையைத் தலைமேல் தூக்கி
ஏணியில் ஏறினான்.

குறுக்காகத்தான் நுழைந்தது.
மூக்கு ஜன்னலுக்கு வெளியே,
துடுப்பு என் முழங்காலுக்குப் பக்கத்தில்.
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
மெழுகில் தேங்காய் வாசனை சேர்த்து விற்கிறார்கள்.
இந்தக் கரையில் தேடினாலும் ஒரு தென்னை கிடையாது.
தலைமுடி முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஹான்லி, தூங்கிட்டியா?
பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.
இடமில்லை என்றேன்.
இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வர
ஹைலக்ஸ் ஸ்பிரிங்கில் ஆடியது.

விடியலில்
முனையைச் சுற்றி இடப்பக்கம் உடைந்து வந்தது அலை,
ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல்.
பக்கத்துத் தூண்டில்காரர்
காபிக் குவளையோடு நின்று பார்த்தார்:
முதலில் பலகை இறங்கியது,
அப்புறம் நான்,
கடைசியாகத்தான் டெர்ஷியஸ்,
அதுவும் பாதி ஏணியில் நின்றுவிட்டான்.

விரிசல்மேல் டேப் ஒட்டி
வெட்சூட்டுக்குள் ஒரு காலை நுழைத்துக்கொண்டிருந்தேன்.
அவன் அளவு நாடாவை இழுத்து
விரிந்த கூடாரத்தின் விளிம்பில் பிடித்து
ஏதோ எண் சொல்லிக் கத்தினான்.
கடல் இரைச்சலில்
எழுபதா எண்பதா
காதில் விழவில்லை.