காற்றுக்கு விட்ட இடம்

ஆய்வகத்திலிருந்து திரும்பி வந்த தாளில்
ஒரே சொல் பதினோரு முறை: உடைந்தது.
குழாய் உடையவில்லை,
உள்ளே இருந்த இரத்தம் உடைந்திருந்தது.
சுழற்றி எடுத்தால் வைக்கோல் நிறத்தில்
மேலே நிற்கவேண்டிய நீர்
ரோஜா நிறத்தில் நின்றதாம்.
"அழகாகத்தான் இருக்கிறது," தொலைபேசியில் மொலெபொஹெங்,
"ஆனால் அதில் எதையும் படிக்க முடியாது."

நான் பாதையைச் சொன்னேன்.
தாபா-ட்செகாவுக்கு மேலே அது பாதையே இல்லை,
மழை இறங்கிப் போன படிக்கட்டு.
கழுதைகளே யோசித்துத்தான் கால் வைக்கும்.
முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"செலிசோவும் அதே வழியில்தான் வருகிறான்.
அவன் குழாய்கள் தெளிவாக இருக்கின்றன."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.
எனக்கு மலோட்டி மலை மொத்தமும் கோணல்.

அன்றிரவு கிளினிக்கின் பின்புறம்,
பால் பெட்டி மேல் எஞ்சினை ஏற்றி,
முன் சக்கரம் அந்தரத்தில் தொங்க
முதலில் கழுத்து பேரிங்கைச் சந்தேகித்தேன்.
அதன்மேல் குற்றமில்லை.
அடுத்தது அச்சு.
பஞ்சர் ஒட்டிய அவசரத்தில் யாரோ
இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருக்கும்படி
இறுக்கியிருந்தார்கள் (யாரோ என்ன, நான்தான்).
போல்ட்டைத் தளர்த்தி, கீழே இறக்கி,
பிரேக்கைப் பிடித்து ஐந்தாறு முறை அமுக்கினேன்.
கால்கள் தங்கள் இடத்தைத் தாமே தேடிக்கொண்டன.
இறுக்கினேன். கொஞ்சம் இளகியது.
கொஞ்சம்தான்.

மேல்மூடியைத் திறந்தபோது தெரிந்தது:
எண்ணெய், கிட்டத்தட்ட கழுத்து வரை.
பிரேக் பிடித்தால் விழுந்து கும்பிடுகிறது என்று
போன குளிர்காலத்தில் நானே
கெட்டியானதாய் வாங்கி
தாராளமாய் ஊற்றியது.
கும்பிடு நின்றது.
அடியும் நின்றது என்று நினைத்திருந்தேன்.
அது பின்னால் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது,
பதினோரு பேரின் கைகளுக்கு.

ஃபோர்க்குக்கு எண்ணெய் மட்டும் போதாது.
அதன் தலைக்கு மேல் கொஞ்சம் வெறுமை வேண்டும்,
அமுங்கும்போது ஒடுங்கிக்கொள்ளக்
காற்றுக்கு ஓர் இடம்.
அது இல்லாவிட்டால்
ஒவ்வொரு கல்லும் கல்லாகவே வந்து சேரும்.

செவிலி டிகெலெடி
ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும்
ஒரு முழம் ரப்பர் குழாயும் கொடுத்தாள்.
"தயவுசெய்து திருப்பித் தராதே" என்றாள்.
தேநீர் நிறத்தில் பழையது வடிந்து முடிய
நிலா கூரையைத் தாண்டிவிட்டது.
செலிசோவின் பாட்டிலில் மிச்சமிருந்த மெல்லியதை ஊற்றி,
ஸ்பிரிங்கை வெளியே வைத்து,
காலை அடிவரை அமுக்கி,
குழாயில் நூற்று முப்பது மில்லிமீட்டரில்
பிளாஸ்திரி ஒட்டி உறிஞ்சினேன்.
கர்ரென்று காற்றைக் குடித்ததும் நிறுத்தினேன்.
மற்ற காலுக்கும் அப்படியே.
கடைசியாகப் பளபளக்கும் தண்டில்
ஒரு கேபிள் டை.
எதுவரை அமுங்குகிறதோ அங்கேயே நிற்கும்.
எனக்காகப் பரிந்து பேசாது.

காலையில் பத்தொன்பது குழாய்கள்.
கணவாயின் உச்சியில் நிறுத்தினேன்.
கீழே அடைபட்ட காற்று
உயரத்துக்கு வந்ததும் உப்பிக்கொண்டு
கால்களை விறைக்கவைக்கும்.
சின்ன ஸ்க்ரூவைத் திருகினால்
இடது, உஸ்.
வலது, உஸ்ஸ்.
போர்வைக்குள்ளிருந்து பார்த்த மேய்ப்பன்
பாம்பென்று நினைத்து
நாயைப் பின்னுக்கு இழுத்தான்.

இறக்கத்தில் அதே படிக்கட்டு, அதே கற்கள்.
கற்களைச் சக்கரம் பார்த்துக்கொண்டது,
நான் பாதையைப் பார்த்தேன்.

பத்தொன்பதில் பதினெட்டு.
"ஒன்று?" என்று கேட்டேன்.
"உன் வண்டியாக இருக்கலாம்.
இரத்தம் எடுத்த கையாக இருக்கலாம்.
குழாயைக் கேட்டால் சொல்லாது" என்றாள் மொலெபொஹெங்.
அந்த எண்ணுக்கு உரிய ஆள்
நாலு மணி நேரம் நடந்து வந்து
மறுபடி கை நீட்டவேண்டும்.

கேபிள் டை
அடித்தட்டுக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறது.
பால் பெட்டி, டார்ச், ஸ்க்ரூடிரைவர்.
ரீபவுண்டை ஒரு கிளிக்
வெளியே திருப்பிப் பார்க்கிறேன்.