மேலாளர் (பொ)

நவம்பரில் பழையவரை அனுப்பிய இரவு
ஆட்டமலரின் ஏழாம் பக்கத்தில் அவர் பெயரை அழித்து
லோர்ன் மியூர்ஹெட் என்று அடித்தேன்.
பக்கத்தில், குளிருக்குக் கையை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல்,
அடைப்புக்குறிக்குள் ஒரு பொ.
பொறுப்பு.
இரண்டு ஆட்டத்துக்குத்தான், என்றார் தலைவர்.

ஏழு ஆட்டம் ஆகிவிட்டது.
ஆறு வெற்றி, ஒரு டிரா.
கிர்க்னெஸ் மீன்சந்தையில் ஹாடக் பெட்டிகளின் மேல்
சாக்கட்டியால் அவர் பெயரை எழுதியிருக்கிறார்கள்,
குறி இல்லாமல்.

நாளைக் காலை வாக்கு.
நான்கு பேர் இரண்டிரண்டாய்ப் பிரிந்தாயிற்று.
ஐந்தாவது நான், இசோபெல் கெயர்ட்,
ரசிகர்கள் அனுப்பிய இயக்குநர்.
பகலில் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறேன்,
இரவில் இந்த எட்டுப் பக்கம்.

கணக்குப் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான்.
ஆறில் ஒன்று காற்று அடித்த கோல்:
எதிரணிக் கோலி கையிலிருந்து விட்டு உதைத்த பந்து
வானத்துக்குப் போய், யோசித்து,
அவன் முதுகுக்குப் பின்னால் இறங்கியது.
இன்னொன்று தொண்ணூற்று நான்காம் நிமிடத்துப் பெனால்டி;
நானே தந்திருக்க மாட்டேன்.
மீதி நான்கும் பட்டியலின் அடியில் கிடப்பவர்களிடம்.
காக்கை உட்கார்ந்ததா,
பழம் தானே விழுந்ததா?

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னும் ஒரு பொ இருந்தது.
ஐந்து வெற்றியில் மயங்கிக் குறியை எடுத்தோம்.
மூன்று வருட ஒப்பந்தம், பைப் வாத்தியம், கேக்.
ஏப்ரலில் கீழ்ப்பிரிவு.
அவரை வீட்டுக்கு அனுப்பக் கொடுத்த காசுக்குப்
பயிற்சித் திடலை விற்றோம்.
இப்போது அங்கே மெத்தைக் கடை.

விண்ணப்பங்கள் நாற்பத்தொன்று வந்திருக்கின்றன.
ஒருவர் தன் கோப்பைகளை வண்ணப்படமாய் அனுப்பியிருக்கிறார்,
தூசு தட்டாமல்.

ஆனாலும் ஸ்ட்ரூவன் ரென்னி.
பந்து வந்தால் சுடுபானையைத் தொட்டவன்போல் உதறுகிற பையன்,
போன சனிக்கிழமை அதை நெஞ்சில் வாங்கிச்
சற்று நேரம் வைத்துக்கொண்டான்.
அவசரமில்லை என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.
அதை எந்தக் கட்டத்தில் போட்டுக் கூட்டுவது?

அல்லது எல்லாமே அந்தப் பொ-வில்தான் இருக்கிறதோ?
இழக்க நாற்காலி இல்லாதவர்
யாரையும் மிரட்ட வேண்டியதில்லை.
இன்னும் மேலாளர் அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை;
பூட்ஸ் அறையில் ஈரத்தோல் வாடைக்கு நடுவே
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அணி எழுதுகிறார்.
மெத்தை இருக்கை கொடுத்தால்
முதுகு அதற்கேற்ப வளைந்துவிடாதா?
பெயர்ப்பலகைக்கென்று ஒரு குரல் வந்துவிடாதா?
விருந்தாளியாய் இருக்கும்வரைதான்
சிலர் பாத்திரம் கழுவித் தருவார்கள்.
என் முதல் கணவர் அப்படி.

சாயங்காலம் நேரில் போனேன்.
கடல்மூட்டம் திடலை விழுங்கியிருந்தது.
ஆரஞ்சுக் கூம்புகள் மட்டும் ஒவ்வொன்றாய் முளைத்தன,
கடைசிக் கூம்புக்குப் பின்னால் அவர்.
யாரும் உங்களைக் கேட்கவில்லையே லோர்ன்,
வேண்டுமா உங்களுக்கு?
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
சனிக்கிழமைக்கு ஒரு லெஃப்ட் பேக் வேண்டும், என்றார்.

மணி பதினொன்றரை.
நள்ளிரவுக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்,
வாக்கோ காலை பத்துக்கு.
இப்படி நேரம் குறித்த புண்ணியவான் யாரோ.

இடப்பக்கக் குறியை அழித்தேன்.
பொ-வை அழித்தேன்.
பொருளாளர் போனில் கூப்பிடுகிறார்,
மேசைமேல் அது நடுங்கி நகர்ந்து
தேநீர்க் கோப்பையில் போய் முட்டுகிறது.
எடுக்கவில்லை.

லோர்ன் மியூர்ஹெட் )

முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு
எல்லைக்கோட்டில் நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது
அந்த மிச்சக் குறி.