ஏதாவது ஒன்றைத் தெரிவுசெய்க

டண்டினோங் நூலகத்தில்
ஆளுக்கு அரைமணி நேரம்தான் கணினி.
பதினேழு நிமிடம் கரைந்துவிட்டது
ஒரே கேள்வியில்:

உள்நாட்டு மாணவரா,
வெளிநாட்டு மாணவரா?
மூன்றாவதாக ஒரு வட்டம் இல்லை.

மதுசிகாவுக்குப் படகில் நாலு வயது.
பால்பல் விழுந்தது இங்கே.
வலைப்பந்தில் கை முறிந்தது இங்கே.
தாதியாக வேண்டுமென்று அந்த மாவுக்கட்டோடுதான் சொன்னாள்,
யாரோ ஒரு தாதி அதில்
பச்சை மையால் முயல் வரைந்திருந்தாள்.

"வெளிநாடு எண்டு போடுங்கோ அப்பா.
பிரிட்ஜிங் விசாக்காரர் வேற என்னத்தைப் போடுறது?"

போட்டேன்.
திரையில் ஒரு தொகை எழும்பி நின்றது,
முதல் வருடத்துக்கு மட்டும்.
கடன் வாங்குவதற்கும் உள்நாடாக இருக்க வேண்டும்.
நான் கரட் வெட்டுகிற ஆலையில்
ஒரு பெட்டி பத்துக் கிலோ.
எத்தனை பெட்டி என்று மனம் வகுத்துப் பார்த்து
பாதியில் நிறுத்திக்கொண்டது.

யூலையில் வரிப் படிவம் நிரப்பும்போதும்
இப்படி ஒரு கேள்வி வந்தது.
அதில் நான் உள்நாடு.
ஒருவரும் மறுக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.
இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அரசு அளக்கிற காசில்
என் கரட்டும் நாலு துண்டு கிடக்கும்.

சிநேகிதி லின் போன கிழமையே விண்ணப்பித்துவிட்டாளாம்.
கட்டணத்தைப் பார்க்கவே இல்லையாம்,
உழைக்கத் தொடங்கின பிறகு
சம்பளத்தில் வெட்டுவார்களாம்.
இதைச் சொல்லும்போது மதுசிகா சிரித்தாள்,
எனக்காக.

பின்னால் ஒருவர் தன் முறைக்காகச்
செருமிக்கொண்டு நின்றார்.
தட்டாமல் இருந்ததால் திரை மங்கி
ஒரு சிறு பெட்டி விழுந்தது:
இன்னும் இருக்கிறீர்களா?

என் கைக்கு மேலால் எட்டி
ஓம் என்பதை அழுத்தினாள்.
ஆறு நிமிடம் மிச்சம் காட்டியது.