ஏழு அங்குலம்

ஹல் நகரம். கராஜ் கூரையில் மழை.
டெஸ்மண்ட் பென்சிலால் எழுதிய விதி:
தளபதி ஆறு அங்குலத்துக்குள் நின்றால்
பகடையோடு ஒன்று கூட்டு.
பக்கத்துப் படை ஓடக் கண்டால்
இரண்டு கழி.

பெரில் உருட்டினாள். மூன்று.
வண்ணம் காயாத ஈட்டிக்காரர் பன்னிருவர்
முதுகு காட்டி ஓடினார்கள் மேசை விளிம்புக்கு.
அதற்கப்பால் பிஸ்கட் டப்பா.

"என் தளபதி பக்கத்தில்தானே?"
"ஏழு அங்குலம்."
டேப்பை இழுத்துக் காட்டினார்.

தாளைப் புரட்டினாள்.
கொடி விழுந்தால் விதி, குதிரை மிரண்டால் விதி,
ரொட்டி தீர்ந்தால்கூட ஒன்று.
"தளபதியே வெலவெலத்துப் போனால்?"

பென்சிலைக் கடித்தார்,
ஒருகாலத்தில் மேஜரின் ஜீப்
பின்விளக்கு மறையும்வரை பார்த்து நின்றவர்.
பிறகு எழுதினார்:
தளபதியும் உருட்டவேண்டும். கூட்ட ஒன்றுமில்லை;
அவனுக்கு ஆறு அங்குலத்துக்குள்
எவருமில்லை.

பெரில் உருட்டினாள்.
பகடையே மேசையை விட்டு ஓடியது.